எத்தாளைக்குப் போக இருந்த பதினான்கு உடுப்புகள்

ராத்தா,

அன்று நான் அந்தப் பகிடியை விடாமல் இருந்திருந்தால், நெஞ்சு நோகிறது என்று நீங்கள் இந்தத் தங்கச்சியிடம் சொல்லியிருப்பீர்களா?

எனக்குப் பதில் தெரியாது. வகுப்பில் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்பது என் வழக்கம். இதை எந்தப் புத்தகத்தில் பார்ப்பது?

இன்று நோன்பு இருபத்தெட்டு. மதியம் லுஹர் தொழுதுவிட்டு, கண்டக்குழியில் உங்கள் அறையில், திறந்து கிடக்கும் உங்கள் அலுமாரிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காலையில் மச்சான் அழைத்திருந்தார். நீங்கள் மௌத்தாகி, அடக்கம் செய்து நாலு மாதமாகியும் அவர் இந்த அலுமாரியைத் தொடவில்லை. சாவி உங்கள் தலையணைக்குக் கீழேயே கிடந்திருக்கிறது. "மச்சி, எனக்கு ஏலாது. நீங்க வந்து திறந்து பாருங்க. பெருநாளைக்கு முதல் குடுக்கக்கூடியத ஏழை எளியதுகளுக்குக் குடுத்திருவோம்" என்றார். நான் புத்தளத்திலிருந்து வந்து சேர்ந்ததும் சாவியை மேசையில் வைத்துவிட்டு, கரைக்குப் போய் வலை பார்க்க வேண்டும் என்று வெளியே போனார். உங்கள் மனிதருக்குப் பொய் சொல்ல வராது. வலை முற்றத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்ததும் புடவைக் கடை மணம் வந்தது. புதுத் துணியின் கஞ்சியும் பூச்சி உருண்டையும் கலந்த மணம். உங்கள் மணம் வரும் என்று நான் என்னைத் தயார்படுத்திக்கொண்டு வந்திருந்தேன். விடிய முன்னம் எழும்பித் தேநீர்க் கடைகளுக்கு இடியப்பம் அவிக்கும் ஒருத்தியின் மணம், அடுப்புப் புகையும் வறுத்த மாவும். அது இல்லை. உங்களுடைய உடுப்புகள் மேல் தட்டில் ஒரு மூலைக்குள் அடங்கிவிட்டன. மற்றத் தட்டுகள் முழுவதும் கடைப் பைகள். ஒவ்வொரு பையிலும் ஊசியால் குத்திய ஒரு துண்டுக் கடதாசி, அதில் பெயர், இடப்பக்கம் சாயும் உங்கள் எழுத்தில். எல்லாம் உங்கள் மகள் ரிஸ்னா வாழ்க்கைப்பட்ட எத்தாளை வீட்டாரின் பெயர்கள். மருமகன். அவருடைய உம்மா, வாப்பா. தம்பிமார், அவர்களின் பெண்சாதிகள், பிள்ளைகள். அந்த வீட்டில் இருக்கும் மாமி, மருமகனின் வாப்பாவுடைய தங்கை. கடைசிப் பை, அங்கே முற்றம் கூட்ட வருகிற பெண்ணுக்கு. எண்ணினேன். பதினான்கு.

என் பெயர் இல்லை. இரண்டாம் தரமும் தேடினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. "எனக்கு ஒண்டும் எடுக்காதீங்க" என்று சொன்னவள் நான். நான் சொன்னவற்றில் அந்த ஒன்றை நீங்கள் அப்படியே கேட்டிருக்கிறீர்கள்.

கீழ்த் தட்டில், எல்லாப் பைகளுக்கும் அடியில், டொக்டரின் துண்டு கிடந்தது. இருதயப் பரிசோதனைக்காகக் கொழும்புக்குப் போகும்படி எழுதியிருந்தது. தாமதிக்க வேண்டாம் என்ற சொல்லுக்குக் கீழே அந்த மனிதர் ஒரு கோடும் இழுத்திருக்கிறார். அது நீங்கள் போவதற்கு ஏழு மாதம் முந்தியது. பைகளுக்குள் கிடந்த கடைச் சிட்டைகளைப் பார்த்தேன். எல்லாம் அந்தத் துண்டுக்குப் பிந்தியவை.

வாசலில் யாரோ பாண்காரனை நிறுத்தி நோன்பு திறக்கும் நேரத்துக்கு ஏதோ வாங்கினார்கள். நான் சிட்டைகளைத் தேதி வரிசையில் அடுக்கினேன்.

ஏன் இவ்வளவு முந்தி வாங்கினீர்கள் என்று யோசித்தபோது இன்னொன்றும் விளங்கியது. நோன்பு மாதத்தில் விலை ஏறும். ஒரு பெருநாள் முடிந்த கையோடு அடுத்த பெருநாளைக்கு வாங்கி வைத்தால் மலிவு என்று உங்களுக்குச் சொல்லித் தந்ததும் நான்தான்.

ரிஸ்னாவை எத்தாளையில் கட்டிக் கொடுத்து வந்த முதல் நோன்பு உங்களுக்கு நினைவிருக்கும். பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் பெருநாள் உடுப்புப் போக வேண்டும். பிறை காண்பதற்கு முன் போய்ச் சேர வேண்டும். பிறகு போனால், யோசித்து யோசித்து அனுப்பியது என்று பேச்சு வரும். போனதை விரித்து வைப்பார்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து தொட்டுப் பார்ப்பார்கள். இதை எந்தக் கிதாபும் சொல்லவில்லை என்று பள்ளிவாசலில் பயான் நடக்கும். பயானைக் கேட்டுவிட்டு வருகிறவர்களே தட்டை எண்ணிப் பார்ப்பார்கள். அது தோட்டமும் தென்னையும் உள்ள, தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கிற குடும்பம். நாங்கள் யுத்தத்தில் முஸ்லிம்கள் எல்லாரோடும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள்.

பின்னேரம் அஸருக்குப் பிறகு இதே அறையில் ஒரு அப்பியாசக் கொப்பியை வைத்துக்கொண்டு நீங்கள் பெயர்களைச் சொல்ல நான் எழுதினேன். பதினாலாவது பெயரில் பேனாவைக் கீழே வைத்தேன்.

"ராத்தா, கலியாணம் ஒரு ஆளோடதானே செய்து குடுத்தீங்க?"

"வீட்டோட."

"அப்ப இந்தக் கூட்டுற பொம்புளைக்கும் உடுப்பா?"

"அவ மட்டும் பெருநாளைக்குப் பார்த்துக்கொண்டு நிக்கிறதா? எழுது புள்ள."

"அவங்களுக்குத் தோட்டம் இருக்கு, லொறி இருக்கு. நீங்க இடியப்பம் அவிச்சு அவங்களுக்கு உடுப்பு எடுக்கிறீங்க."

"இல்லாதவங்களுக்குக் குடுத்தா அது ஸதக்கா. இது சீர்."

அப்போதுதான் நான் சிரித்தேன். "பதினாலு பேரை வரிசையில விட்டு, பேர் கூப்பிட்டு... இது சீரா ராத்தா, நிவாரணமா?" என்று கேட்டேன்.

பல்கலைக்கழகத்தில் நண்பர்களிடையே எடுபட்டிருக்கக்கூடிய பகிடி. மச்சான்கூட வாசலில் நின்று சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. கொப்பியை என் கையிலிருந்து எடுத்து மூடினீர்கள். "நீ படிச்ச புள்ள. நீ சொல்றபடி செய்வோம்" என்றீர்கள். அந்த முறை புதுச் சோடிக்கும் சம்பந்தி உம்மாவுக்கும் மட்டுமே உடுப்புப் போனது. மற்றவர்களுக்கு ஒரு தட்டில் தொதல், மஸ்கட் என்று இனிப்புப் பலகாரம். நான் வென்றதாக நினைத்துக்கொண்டு புத்தளத்துக்குப் பஸ் ஏறினேன்.

பெருநாள் கழிந்து நாலாம் நாள் நான் வந்தபோது நீங்கள் மா வறுத்துக்கொண்டிருந்தீர்கள். அடுப்பைப் பார்த்தபடியே சொன்னீர்கள்: "அந்த மாமி ரிஸ்னாட்டக் கேட்டிருக்கா, 'என்ன புள்ள, உங்கட பக்கத்துல பெருநாள் இன்னும் வரலயா' எண்டு."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"என்னத்த சொல்ற? தலையைக் குனிஞ்சிருப்பா."

"ஒரு முறைதானே. பழகிருவாங்க" என்றேன்.

"ஓம். பழகிருவாங்க" என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஆறு பெருநாள்கள். ஒவ்வொரு நோன்பிலும் நான் தொலைபேசியில் கேட்பேன், எத்தாளைக்கு என்ன அனுப்பினீர்கள் என்று. "சின்னதா ஏதோ" என்பீர்கள். நல்லது என்பேன். பிள்ளைகளின் விடைத்தாளில் ஒரு கூட்டலை மூன்று தரம் சரிபார்க்கும் நான், இதை ஒரு தரமும் பார்க்கவில்லை. பெருநாளன்று நான் எத்தாளைக்குப் போனதில்லை. ரிஸ்னாவும் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று நீங்கள் வாய்ப்பூட்டுப் போட்டிருப்பீர்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியும் என்பதை நான் பதினைந்து வயதிலேயே அறிந்திருக்க வேண்டும். நோகும்போது நீங்கள் சொல்லும் பொய்கள் மிகச் சிறியவை. யாரும் திரும்பிக் கேட்காத அளவுக்குச் சிறியவை.

வள்ளத்தில் வந்து கல்பிட்டியில் இறங்கி, கிடுகுக் கொட்டில்களில் கழித்த முதல் நோன்புப் பெருநாள். உங்களுக்குப் பத்தொன்பது வயது. இந்த ஊர்ச் சனங்கள் எங்களுக்குத் தங்கள் கிணற்றைத் தந்தார்கள், தங்கள் சோற்றைத் தந்தார்கள். அதை நான் மறக்கவில்லை. பெருநாளைக்கு முதல் நாள் ஒரு வானில் உடுப்புகளும் வந்தன. வரிசையில் நின்றோம், பெயர் கூப்பிட்டார்கள். உங்களுக்கு ஒரு ரோஸ் நிறக் கவுன் கிடைத்தது. அதில் பழைய மணம் இல்லை, சாயம் போகவில்லை. மன்னாரில் விட்டுவந்த உடுப்புகளை விட நல்லது என்று உம்மா சொன்னா. காலையில் அதைப் போட்டுக்கொண்டு நீங்கள் கிணற்றடிக்குப் போனீர்கள். நான் வாளியோடு பின்னால் வந்தேன். அங்கே உங்கள் வயதில் ஒரு பெண் நின்றாள், அந்த ஊர்ப் பிள்ளை. உங்களைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, உங்களுக்கு நல்ல அளவா இருக்கே. பின்னுக்கு மேல் கொளுக்கி மட்டும் கழலும். ஊசி ஒண்டு குத்திக்கொள்ளுங்க."

அதில் ஒரு குத்தலும் இருக்கவில்லை. இன்றுவரை அந்தப் பிள்ளையின் குரலில் குறை தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. நீங்கள் "ஓம்" என்று சிரித்தீர்கள். தண்ணீர் அள்ளிக் கொடுத்தீர்கள். கொட்டிலுக்குள் வந்ததும் கவுனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, ஐந்து மாதமாகப் போட்டுக் கிழிந்த பழைய சட்டையைப் போட்டுக்கொண்டீர்கள். என்ன புள்ள பெருநாள் உடுப்பு என்று உம்மா கேட்டபோது, "வேர்க்குது உம்மா" என்றீர்கள்.

அன்று காலை யாருக்கும் வேர்க்கவில்லை. இரவு முழுவதும் பெய்த மழை ஓய்ந்து, ஈரக் காற்று கிடுகைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

இது எனக்குத் தெரிந்த கதை. உங்களோடு கிணற்றடியில் நின்றவள் நான். பிறகு எப்படி இருபது வருடங்களுக்கும் மேலான பின்பு, வரிசையையும் பெயர் கூப்பிடுவதையும் வைத்து உங்களிடம் பகிடி விட்டேன் என்று எனக்கு விளங்கவில்லை. மறந்துவிட்டேன் என்பது பதில் இல்லை. மறக்கவில்லை. அதை ஒரு தகவலாக வைத்திருந்தேன். நீங்கள் அதை அப்படி வைத்திருக்கவில்லை.

யுத்தம் முடிந்து பாதை திறந்தபோது நாம் மன்னாருக்குப் போனோமே, அதையும் சொல்ல வேண்டும். போவதற்கு முதல் கிழமை என்னைப் புத்தளத்தில் ஒரு புடவைக் கடைக்கு இழுத்துப் போனீர்கள். கடைக்காரத் தம்பி ஒரு சாரத்தை விரித்தார். நீங்கள் தொட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை ஒருக்காக் கழுவினா சுருங்கிக் கைலேஞ்சியாப் போயிருமே" என்றீர்கள்.

"உம்மா, நீங்க கழுவாம உடுங்க" என்றார் அவர்.

கடை முழுவதும் சிரித்தது, நீங்களும் சிரித்தீர்கள், அரைவாசி விலைக்கு வேறு சாரம் வாங்கினீர்கள். சாரம், சீத்தைத் துணி, சின்னப் பிள்ளைகளின் கவுன் என்று இரண்டு பை நிறைந்தது.

"ஆருக்கு ராத்தா இதெல்லாம்? அங்க நமக்கு ஆரு இருக்கா?"

"ஆராவது இருப்பாங்க. ஓடின வழியால வெறுங்கையோட போகச் சொல்றியா?"

எங்கள் வீட்டில் இரண்டு சுவர்கள் நின்றன. நடு அறையில் ஒரு வேம்பு, என் உயரத்தைவிடக் கூடிய உயரத்தில். பக்கத்து வளவில் தகரக் கொட்டில் ஒன்று போட்டு ஒரு பெண் இருந்தா. அவவும் வேறெங்கோ ஓடி, முள்வேலி முகாமுக்குள் இருந்து, அப்போதுதான் கொண்டுவந்து விடப்பட்டவ. நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் தாலி இல்லை. நீங்கள் பையைத் திறந்து அவவின் மகளுக்குக் கவுனை அளவு பார்த்தீர்கள். அவ பின்னால் நகர்ந்தா.

"வேண்டாம் அக்கா. திருப்பித் தர எங்களிட்ட ஒண்டும் இல்ல."

"நான் கேக்கலயே" என்றீர்கள். "புதுசு. ஆரும் போட்டது இல்ல. மணந்து பாருங்க."

அந்தப் பெண் உண்மையிலேயே துணியை முகத்தருகே கொண்டுபோய் மணந்து பார்த்தா. திரும்பி வரும்போது பஸ்ஸில், வில்பத்துக் காடு முழுவதும், வெறும் பைகளை மடியில் வைத்தபடி நீங்கள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினீர்கள். உங்களை அப்படித் தூங்க நான் அதற்கு முன்போ பின்போ கண்டதில்லை. அன்று பிரயாணத்துக்கு என்ன செலவு, பைகளுக்கு என்ன செலவு, அதில் எது வீண் என்று என் மனம் பார்த்துக்கொண்டு வந்தது. அதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன், ராத்தா. நான் சொன்னது பிழை இல்லை. பெண் பிள்ளையைப் பெற்றவள் தன் வைத்தியத்தைத் தள்ளி வைத்துச் சம்பந்தி வீட்டுக்கு உடுப்பு எடுப்பது பிழை. எத்தனையோ உம்மாமார் இதைச் செய்கிறார்கள், எல்லாரும் சின்னதாக ஏதோ என்றுதான் சொல்வார்கள். என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நோன்பு வந்தால் உம்மாவின் காதில் தோடு இருக்காது. இதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொல்கிறவள் கேட்கவும் வேண்டும். ஏன் பதினாலு பேர் என்று நான் ஒருபோதும் கேட்கவில்லை. எத்தனை பேர் என்றுதான் கேட்டேன்.

உங்களிடமிருந்து எனக்குத் தங்கிப்போன பழக்கம் ஒன்று உண்டு. இப்போது யாராவது சின்னதாக என்று சொன்னால், நான் விடுவதில்லை. போன கிழமை ஒரு மாணவி சின்னத் தலைவலி மிஸ் என்றாள். எவ்வளவு சின்னது, எப்போதிருந்து, உம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே நின்றேன். பிள்ளை பயந்துவிட்டாள்.

இனி இந்தப் பைகள். நாளைக்கு இருபத்தொன்பது. அந்தியில் மஃரிபுக்குப் பிறை கண்டால் மறுநாள் பெருநாள், பிந்திவிடும். நேற்று ரிஸ்னா கோல் எடுத்தாள். "சாச்சி, இந்த முறை ஒண்டும் வராது எண்டு இங்க எல்லாருக்கும் தெரியும். நீங்க மனசப் போட்டு அலட்டாதீங்க" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. உங்கள் மகளின் சாதாரணக் குரலை நான் எவ்வளவுக்கு நம்புவது? உம்மா இல்லாத முதல் பெருநாள். அந்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் தங்கள் தங்கள் வீட்டிலிருந்து வந்ததை உடுத்திக்கொண்டு நிற்கும்போது, அவள் எங்கே நிற்பாள்? பைகளை அனுப்பினால், உங்களைக் கொண்டுபோனதை நானே கையில் எடுத்து நடத்துகிறவள் ஆகிறேன். அடுத்த பெருநாளைக்கு யார் என்ற கேள்வியும் வரும். எனக்குப் பிள்ளை இல்லை, உத்தியோகம் இருக்கிறது, என் பக்கம்தான் பார்ப்பார்கள். திரும்பி வந்த மச்சானிடம் பைகளைக் காட்டினேன். வாசலில் நின்றபடியே பார்த்தார். "எனக்கு ஒண்டும் தெரியாது மச்சி. இடியப்பக் காசு அவட காசு, நான் கேக்கிறல்ல" என்றார். பிறகு, "டொக்டர் துண்டு எழுதித் தந்ததும் எனக்குத் தெரியாது" என்று மெதுவாகச் சொன்னார். துண்டைப் பற்றி நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை. அது என் கையில் இருந்ததைக் கண்டுவிட்டார்.

நாளைக்கு நானே கொண்டுபோகிறேன். இது ராத்தா தன் கையால் எடுத்தது, இனி எங்கள் பக்கமிருந்து வராது, அதற்காக எங்கள் பிள்ளையை ஒரு சொல் சொல்லக்கூடாது. இதைச் சம்பந்தி உம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்று வசனம். மனப்பாடம் செய்துவிட்டேன்.

*

மறுநாள் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

அஸருக்கு முன் ஓட்டோவில் நாலு பெரிய பைகளோடு எத்தாளைக்குப் போய்ச் சேர்ந்தேன். சம்பந்தி உம்மா கதிரை இழுத்துப் போட்டா. ரிஸ்னா குசினி வாசலில் நின்றாள். பைகளைக் கண்டதும் அவள் முகம் மாறியது. என் முதல் வசனத்தை மட்டும்தான் சொல்ல முடிந்தது. "இது ராத்தா எடுத்து வச்சது."

சம்பந்தி உம்மா பைகளைத் தொடவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா.

"நாற்பதாம் நாள் கத்தத்துக்கு நாங்க வந்தமே புள்ள, வீட்ட திரும்பி வந்த பிறகு ரிஸ்னா எங்க எல்லாரையும் வச்சுச் சொன்னா. 'எங்கட உம்மா டொக்டரிட்டப் போற காசுலதான் நீங்க எல்லாரும் பெருநாள் உடுத்தீங்க' எண்டு. ஒரு பேச்சும் பேசாத புள்ள. இவட மாமனார் அண்டைக்குச் சாப்பிடல." மூச்சு வாங்கினா. "இதை நாங்க எப்படி உடுக்கிற? நீங்களே சொல்லுங்க. கொண்டுபோங்க. நாங்க கேக்கவும் இல்ல, வேணாம் எண்டு சொல்லவும் இல்ல. ரெண்டும் எங்கட பிழை."

இதற்கு நான் வசனம் மனப்பாடம் செய்திருக்கவில்லை. நான் செய்தது இது: கதிரையிலிருந்து இறங்கி நிலத்தில் பைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எடுங்கள் என்று கெஞ்சினேன். "எடுங்க. உடுங்க. புதுசு. அவ உங்கட அளவு பார்த்து எடுத்திருக்கா" என்றேன். ஆறு வருடமாக எதை நிறுத்தச் சொன்னேனோ அதை வாங்கச் சொல்லிக் கெஞ்சினேன். ரிஸ்னா வந்து என் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். நான் எழும்பவில்லை. சம்பந்தி உம்மாவும் நிலத்தில் உட்கார்ந்தா. முதல் பையை அவவே எடுத்தா.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மாமனார் சாரத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே போனார். அந்த மாமி, பெருநாள் இன்னும் வரவில்லையா என்று கேட்ட அதே மாமி, தன் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "எனக்குப் பச்சை புடிக்கும் எண்டு அவக்கு ஆரு சொன்ன?" என்று கேட்டா. அவ அந்தத் துணியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தா. இரண்டாவது தம்பியின் மகனுக்கு எடுத்த சட்டை சிறுத்துவிட்டது. அதற்குள் பிள்ளை வளர்ந்திருக்கிறான். முற்றம் கூட்டும் பெண் அன்று வரவில்லை. அவவுடைய பை தொழுகைப் பாய் வைக்கும் தட்டில் பத்திரமாக வைக்கப்பட்டது.

"இனி வராது" என்றேன் கடைசியில்.

"வரவும் வேணாம். எங்கட மற்ற மருமகள்மார்ட வீட்டுக்கும் சொல்லி அனுப்பிட்டேன்" என்றா சம்பந்தி உம்மா. அந்தச் சொல் எவ்வளவு நாளைக்கு நிற்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ரிஸ்னாவைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னா.

ரிஸ்னா என்னோடு தெருவரை வந்தாள். பஸ் தரிப்பிடத்தில் வேறு யாரும் இல்லை.

"சாச்சி, ஒண்டு சொல்லட்டா? ஏசப்படாது."

"சொல்லு."

"உம்மாட நெஞ்சு நோவு எனக்குத் தெரியும். துண்டும் தெரியும். சாச்சிட்ட சொல்லுவோம் எண்டு எத்தனையோ தரம் கேட்டேன். வேணவே வேணாம் எண்டுட்டா."

"நான் கணக்குப் பார்ப்பேன் எண்டா?"

"இல்ல சாச்சி." அவள் தெருவைப் பார்த்தாள். "'அவ ஏச மாட்டா. எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்து என்னைக் கொழும்புக்குக் கூட்டிப் போவா, போற வழியெல்லாம் அழுவா. அவ அழுறத ஒரு தரம் கண்டிருக்கேன், இன்னொரு தரம் என்னால ஏலாது' எண்டா."

நான் எப்போது அழுதேன், நீங்கள் எங்கே கண்டீர்கள் என்று எனக்கு நினைவில்லை. இது நீங்கள் சொன்னதா, என்னைத் தேற்றுவதற்கு அவள் அந்த இடத்திலேயே கட்டியதா என்றும் தெரியவில்லை. உங்கள் மகள் அல்லவா. முகத்தைப் பார்த்தேன். கேட்கவில்லை.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறுங்கள் என்று கையைக் காட்டினார். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த பஸ்ஸையும் போக விட்டோம்.